விருப்பமில்லாமல் சேர்ந்த கிரேக்க இலக்கிய வகுப்பு

பொறியியல் பட்டம் வாங்க வந்தவளுக்கு இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுப் பழைய பாட்டு எதற்கு என்ற கேள்வியோடுதான் அந்த வகுப்பறைக்குள் நுழைந்தேன். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எந்தத் துறையில் பட்டம் பெறுபவரும் இலக்கியம், வரலாறு, கலை ஆகியவற்றில் சில பாடங்களை முடித்தாக வேண்டும் என்பது அங்குள்ள விதி. நான் எடுக்க நினைத்திருந்த திரைப்பட வரலாற்றுப் பாடத்தில் இடங்கள் நிரம்பிவிட்டன. வெப்ப இயக்கவியல் ஆய்வக நேரத்தோடு மோதாமல் மிச்சமிருந்தது, மொழிபெயர்ப்பில் படிக்கும் பண்டைய கிரேக்க இலக்கியம் ஒன்றுதான்.

தயக்கத்துக்குப் பணமும் ஒரு காரணம். கும்பகோணத்தில் அப்பா ஒரு சிறிய பித்தளைப் பாத்திரப் பட்டறை வைத்திருக்கிறார். கல்விக் கடனில் படிக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு பாடத்தின் கட்டணமும் ரூபாய்க் கணக்கில் மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அதைவிட ஆழமான காரணம் ஒன்று இருந்தது. பாடத்திட்ட அறிவிப்பின் முதல் வரியிலேயே மேற்குலகப் பண்பாட்டின் ஊற்றுக்கண் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும், வேறொருவர் வீட்டுப் பாட்டனாரின் பெருமையை நான் காசு கொடுத்துக் கேட்கப் போகிறேன் என்றுதான் தோன்றியது. பள்ளியில் தமிழ் இலக்கியத்தையே மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்து, மேல்நிலைத் தேர்வு முடிந்த மாலையோடு மூடி வைத்திருந்தவள் நான்.

முதல் நாள் பேராசிரியர் தம்மைப் பற்றியோ தேர்வுகளைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. கரும்பலகையில் ஒரே ஒரு வரியைக் கிரேக்க எழுத்தில் எழுதிவிட்டு, மேசையில் விரலால் தட்டிக்கொண்டு அதை மூன்று முறை படித்தார். அது ஹோமரின் இலியட் காவியத்தின் முதல் வரி: மேனின் அஎய்தெ தெஆ பேலேயிஅதெஓ அகிலேஒஸ். பேலேயுஸின் மகன் அக்கிலீஸின் சினத்தைப் பாடு, தெய்வமே என்பது அதன் பொருள். அந்தப் பாட்டில் சொற்கள் அசையழுத்தத்தால் நடப்பதில்லை, அசையின் நீளத்தால் நடக்கின்றன என்றும், ஒரு நெடில் இரண்டு குறிலுக்குச் சமம் என்றும் அவர் விளக்கியபோது, என்னைச் சுற்றியிருந்த மாணவர்கள் குழப்பத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆங்கிலச் செய்யுள் அழுத்தத்தால் நடப்பது. காலத்தை அளந்து நடக்கும் செய்யுள் அவர்கள் காதுக்குப் புதிது. எனக்கோ குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது நினைவுக்கு வந்தது.

அடுத்து அவர் எழுத்துகளைக் காட்டினார். கிரேக்கத்தில் எகரத்துக்கு ஓர் எழுத்து, ஏகாரத்துக்கு வேறோர் எழுத்து. ஒகரத்துக்கு ஒமிக்ரான், ஓகாரத்துக்கு ஒமேகா. நோய்த்தொற்றுக் காலத்தில் உலகம் முழுவதும் அடிபட்ட ஒமிக்ரான் என்ற பெயருக்குச் சிறிய ஒ என்பதுதான் பொருள், ஒமேகா என்றால் பெரிய ஓ. இந்த வேறுபாட்டை ஆங்கில எழுத்து காட்டாது, தேவநாகரியும் காட்டாது, தமிழ் காட்டும். புள்ளியிட்டுக் குறிலைக் குறித்த பழைய முறையை மாற்றி, இன்று நாம் எழுதும் வடிவத்தை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தார் என்று பள்ளியில் ஒரு மதிப்பெண் வினாவுக்காகப் படித்திருந்தேன். அந்த விடைக்கு ஒரு பயன் உண்டு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அந்த வாரம் கிரேக்க வரிகளை ஆங்கில எழுத்தில் குறித்துக்கொண்டவர்கள் நெடில் குறில் தெரியாமல் தடுமாற, என் குறிப்பேட்டில் அவை தமிழ் எழுத்தில் தெளிவாக இருந்தன.

வரியை அலகிட்டுப் பார்த்தபோது இன்னும் ஒன்று தெரிந்தது. மேனின் என்ற சொல்லின் இறுதி மெய்யும், அடுத்த சொல்லின் முதல் அகரமும் கூடி 'மேனின' என்று ஓடுகின்றன. உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே என்ற நன்னூல் நூற்பாவை நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். மே என்பது நெடில், அதைத் தொடர்ந்து னி, ன என்று இரண்டு குறில்கள். இந்த அமைப்புக்கு அவர்கள் விரல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் விரலில் ஒரு கணு நீளமாகவும் இரண்டு கணுக்கள் குட்டையாகவும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஆறு சீர்கள் ஓர் அடி. இரண்டு குறில் வரவேண்டிய இடத்தில் ஒரு நெடிலை வைத்துக்கொள்ளலாம். நம் யாப்பு இதே கணக்கு அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒற்றடுத்த குறிலும் தனிக்குறிலும் நமக்கு நேரசையே, ஆனால் ஒற்றடுத்த குறிலை அவர்கள் நெடிலுக்கு நிகராகக் கொள்கிறார்கள். முதல் வாரம் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தமிழ்க் கணக்கையே போட்டுப் பல வரிகளைத் தவறாகப் பிரித்தேன். தெரிந்ததை வைத்துக்கொண்டு புதியதை அணுகலாம், ஆனால் எந்த இடத்தில் இரண்டும் பிரிகின்றன என்று உடனே குறித்து வைத்துக்கொள்ளாவிட்டால் தெரிந்ததே தடையாகிவிடும்.

முதல் வகுப்பு இப்படி எதிர்பாராத விதமாக அமைந்தாலும், வாசிப்பு தொடங்கியதும் பழைய வெறுப்பு திரும்பி வந்தது. இலியட் 24 பகுதிகளில் 15,693 வரிகள் கொண்டது. வாரத்துக்கு ஆறு பகுதிகள் என்று நான்கு வாரத்தில் அதை முடிக்க வேண்டும். முதல் வாரம் நான் இரண்டு தவறுகள் செய்தேன். இயந்திரவியல் பாடநூலைப் படிப்பதுபோல் பென்சிலோடு அமர்ந்து, முக்கியமானதை அடிக்கோடிட்டு, மற்றதைத் தாண்டிச் சென்றேன். அதற்கு முன்பே கதைச் சுருக்கத்தை இணையத்தில் படித்திருந்தேன். சுருக்கத்தைப் படித்தவருக்கு முழு நூலில் மிஞ்சுவது இடையூறுகள் மட்டுமே: பெயர்ப் பட்டியல்கள், ஒரே சொற்களில் திரும்பத் திரும்ப வரும் விருந்துக் காட்சிகள், அடைமொழிகள்.

அந்த அடைமொழிகள்தான் என்னை மிகவும் சோர்வடையச் செய்தன. அக்கிலீஸ் எப்போதும் விரைந்த கால்களை உடையவன், கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அப்படியே. விடியல் எப்போதும் ரோஜா விரல்களை உடையது. ட்ராய் நகரத்து வீரன் ஹெக்டர் எப்போதும் மின்னும் தலைக்கவசத்தை உடையவன். இவற்றை நான் பென்சிலால் அடித்துக்கொண்டே போனேன். அடித்தால் வாசிப்பு விரைவாகும் என்று நினைத்தேன்.

கதை பற்றிய என் எதிர்பார்ப்பும் தவறாகவே இருந்தது. ட்ராயை வீழ்த்திய மரக் குதிரையும், அம்பு பாய்ந்த அக்கிலீஸின் குதிகாலும் எப்போது வரும் என்று காத்திருந்தேன். இரண்டுமே இலியட்டில் இல்லை. கிரேக்கர்கள் ட்ராய் நகரை எதிர்த்து நடத்திய பத்தாண்டுப் போரின் கடைசி ஆண்டில், சில வாரங்களுக்குள் நடக்கும் நிகழ்ச்சிகளே காவியம். கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் அக்கிலீஸுக்குப் பரிசாகக் கிடைத்த பெண்ணைப் பிடுங்கிக்கொள்கிறான், அக்கிலீஸ் சினந்து போரிலிருந்து விலகுகிறான், அந்தச் சினம் யார் யாரையெல்லாம் கொன்றது என்பதே கதை. முதல் சொல்லே சினம் என்பதை மறந்துவிட்டு, வராத குதிரைக்காக நான் காத்திருந்தேன். அந்த முதல் சொல்லான மேனிஸ் கிரேக்கத்தில் பெரும்பாலும் தெய்வங்களின் கோபத்துக்கே வருவது என்று பேராசிரியர் சொன்ன பிறகுதான், ஒரு மனிதனின் மனத்தாங்கலுக்கு அந்தச் சொல்லை வைத்ததில் என்ன அச்சம் இருக்கிறது என்பது விளங்கியது.

இரண்டாம் வாரம் முதல் கட்டுரை. முதல் பகுதியிலிருந்து முப்பது வரிகளைக் கொடுத்து, அவற்றைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். எனக்குப் பழகிய முறை ஒன்று இருந்தது. தமிழ்த் தேர்வில் இலக்கிய நயம் பாராட்டும் வினாவுக்கு மையக்கருத்து, சொல்நயம், பொருள்நயம், எதுகை, மோனை, அணி என்று தலைப்பிட்டு, எந்தப் பாடல் வந்தாலும் ஒரே வாக்கியங்களை நிரப்பி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதே முறையில் போரின் பின்னணி, கதைச் சுருக்கம், உவமைகள் என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். நான் அதுவரை வாங்கியிராத குறைந்த மதிப்பெண்ணோடு தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு இருந்தது: நீங்கள் சொல்லியிருப்பது கதை, இந்த முப்பது வரிகள் எங்கே?

எனக்கு அவமானமாக இருந்தது. பாடத்தை விட்டுவிடலாமா என்று கேட்கத்தான் பேராசிரியரின் அறைக்குச் சென்றேன். அவர் அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் புத்தகத்தைத் திறந்து, அந்த முப்பது வரிகளையும் மெதுவாக உரக்கப் படிக்கச் சொன்னார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். இங்கே எந்தச் சொல் இரண்டு முறை வருகிறது? யார் பேசவேண்டிய இடத்தில் பேசாமல் இருக்கிறார்? எந்த வரி இல்லாவிட்டாலும் கதை குறையாது, அப்படியானால் அது ஏன் இருக்கிறது? மூன்றாவது கேள்விதான் என்னை அந்த வகுப்பில் நிறுத்தியது. ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும்போது இந்தப் பாகம் எதற்கு என்று நாங்கள் கேட்பது வழக்கம். கவிதையை அப்படிக் கேட்கலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அடைமொழி எதற்கு என்று நான் கேட்டதற்கு அடுத்த வகுப்பில் விடை கிடைத்தது. மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் 1928இல் பாரிஸில் அளித்த ஆய்வேடுகளில், ஹோமரின் அடைமொழிகள் யாப்பில் குறிப்பிட்ட இடைவெளிகளை நிரப்பும் வாய்பாடுகள் என்று காட்டினார். எழுதாமல் பாடும் பாடகனுக்கு, அடி முடிய எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறதோ அதற்குப் பொருந்தும் ஹெக்டர் ஒருவன், பொருந்தும் அக்கிலீஸ் ஒருவன் ஆயத்தமாக இருக்க வேண்டும். பிறகு அவர் 1933 முதல் 1935 வரை அன்றைய யூகோஸ்லாவியாவுக்குச் சென்று, குஸ்லே என்னும் நரம்புக் கருவியை மீட்டிக்கொண்டு பாடிய நாட்டுப்புறப் பாடகர்களை அலுமினியத் தட்டுகளில் ஒலிப்பதிவு செய்தார். அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகர் பன்னிரண்டாயிரம் வரிகளுக்கு மேல் நீளும் ஒரு கதைப்பாட்டை நினைவிலிருந்தே சொன்னார். பாரி 1935இல் தம் 33ஆம் வயதில் இறந்துபோக, அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டு அந்தப் பணியைத் தொடர்ந்தார். பேராசிரியர் அந்த ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டியபோது ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் அடி முடியும் இடம் ஒவ்வொன்றும் காதுக்குத் தெரிந்தது.

அன்று என் தாய்மொழி எது என்று கேட்டு அறிந்துகொண்ட பேராசிரியர், அடுத்த வாரம் ஒரு துண்டுச் சீட்டில் நூலக எண் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அது இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி எழுதிய நூல். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் புறப்பாடல்களைக் கிரேக்க வீரயுகக் கவிதையோடு ஒப்பிட்டு எழுதிய அந்த ஆய்வை ஆக்ஸ்ஃபோர்டு 1968இல் வெளியிட்டது. அதன் முடிவுகளைப் பின்வந்த அறிஞர்கள் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. நாலைந்து அடியில் செறிந்து நிற்கும் ஒரு சங்கப் பாடலை மணிக்கணக்கில் ஓடும் ஹோமரோடு ஒரே தட்டில் வைப்பது எனக்கும் இன்றுவரை கடினமாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த நூலகத் தளத்தில் நின்றபடி முப்பது பக்கம் படித்தபோது, இது வேறொருவர் வீட்டுச் சொத்து என்ற என் மனக்கசப்பு கரைந்தது. எனக்கு முன்பே ஒரு தமிழர் இந்தக் கதவைத் தட்டித் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னொன்றும் கரைய உதவியது. ட்ராய் இருந்த இடமாகக் கருதப்படும் ஹிசார்லிக் மேடு இன்றைய துருக்கியில் இருக்கிறது, கிரேக்க எழுத்து மேற்காசியாவின் பினீசியரிடமிருந்து வந்தது. மேற்குலகம் என்ற சொல் அந்தப் பாடத்திட்ட அறிவிப்புக்கு உரியதே தவிர அந்தக் காவியத்துக்கு உரியதன்று.

வாசிக்கும் முறையை அதன் பிறகு மாற்றிக்கொண்டேன். சுருக்கத்தைப் படிப்பதை நிறுத்தினேன். ஒரு பகுதியை ஓர் அமர்வில், அறைத்தோழி இல்லாத நேரத்தில், வாய்விட்டுப் படித்தேன். ஒரு பகுதிக்கு எனக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரே நாளில் மூன்று பகுதிகளைத் தள்ளிவிட முயன்ற வாரங்களில் எதுவும் மனத்தில் நிற்கவில்லை, நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டபோது நின்றது. பெயர்களுக்காக ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் ட்ராய்க்காரர்கள், மறுபக்கம் கிரேக்கர்கள் என்று எழுதி, ஒருவன் இறக்கும்போது அவன் பெயருக்கு எதிரே அவன் தந்தையின் பெயரையும் ஊரையும் குறித்தேன். இறப்பவன் ஒவ்வொருவனுக்கும் ஹோமர் ஓர் ஊரையோ ஒரு தந்தையையோ பெரும்பாலும் தந்துவிடுகிறார் என்பது அந்தத் தாள் நிரம்பிய பிறகே எனக்குத் தெரிந்தது.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு சொல். கிரேக்கம் தெரியாதவர் ஒரே மொழிபெயர்ப்பை நம்பி மேற்கோள் காட்டி எழுதுவது ஆபத்தானது. எங்களுக்குத் தரப்பட்டது 1951இல் வந்த ரிச்மண்ட் லாட்டிமோரின் மொழிபெயர்ப்பு, அது மூலத்தின் அடிக்கணக்கை ஒட்டியே செல்வதால் எந்த வரியையும் மூலத்தில் தேடிப் பிடிக்க உதவும். கட்டுரைக்குத் தேர்ந்தெடுத்த பத்து வரிகளை மட்டும் வேறொரு மொழிபெயர்ப்பிலும் பார்ப்பேன். இரண்டும் வேறுபடும் சொல்லே பெரும்பாலும் கேட்க வேண்டிய கேள்வியாக இருக்கும். அப்படித்தான் க்ஸெனோஸ் என்ற சொல்லைப் பிடித்தேன். ஓரிடத்தில் அயலான் என்றும் ஓரிடத்தில் விருந்தினன் என்றும் மொழிபெயர்த்திருந்தார்கள். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆறாம் பகுதியில் போர்க்களத்தின் நடுவே எதிரெதிரே நின்ற கிளாக்கஸும் தியோமீதஸும், தங்கள் பாட்டன்மார் ஒருவருக்கொருவர் விருந்தாக இருந்தவர்கள் என்று அறிந்ததும் சண்டையிடாமல் கவசங்களை மாற்றிக்கொள்கிறார்கள். வகுப்பில் இதை விளக்க எல்லோரும் தடுமாறியபோது, என் மொழியில் விருந்து என்ற சொல்லின் பழைய பொருளே புதுமை என்பதுதான், புதிதாக வந்தவரே விருந்து, வீட்டு உறவினர் அல்லர் என்று சொன்னேன். அந்த வகுப்பில் நான் கேட்கப்படாமல் பேசியது அதுவே முதல் முறை.

சனிக்கிழமை காலைகளில் அப்பாவோடு தொலைபேசியில் பேசுவேன், அவருக்கு அது இரவு. என்ன படிக்கிறாய் என்று கேட்டவரிடம் தொடக்கத்தில் மழுப்பிவந்த நான், மூன்றாம் வாரம் அக்கிலீஸின் புதிய கேடயம் உருவாகும் பதினெட்டாம் பகுதியை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கொல்லர் தெய்வம் ஹெஃபைஸ்டஸ் தன் துருத்திகளைத் தீயை நோக்கித் திருப்புகிறான், இருபது துருத்திகள் உலையில் ஊதுகின்றன, வெண்கலமும் வெள்ளீயமும் பொன்னும் வெள்ளியும் தீயில் இடப்படுகின்றன, பட்டடைக் கல்லைத் தாங்கியில் ஏற்றி, ஒரு கையில் சம்மட்டியும் மறு கையில் குறடும் எடுத்துக்கொள்கிறான்.

"இருபது துருத்தியையும் யாரம்மா ஊதினது?" என்றார் அப்பா.

"யாரும் இல்லைப்பா. அவன் நினைத்தபடி அதுவாகவே ஊதும்."

"அப்படின்னா அவன் தெய்வம்தான்" என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் கேடயத்தின் ஐந்து அடுக்குகளில் இரண்டு வெள்ளீயம் என்று பின்னால் வரும் குறிப்பைச் சொன்னபோது ஏற்கவில்லை. பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதற்குத்தான் அது, ஈட்டியைத் தடுக்கிற அளவுக்கு அதற்கு உறுதி ஏது என்று கேட்டார். இதை நான் பேராசிரியரிடம் எடுத்துச் சென்றேன். அந்த அடுக்குகளைப் பற்றிப் பழைய உரையாசிரியர்களே ஐயம் எழுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லி, வெனிஸில் உள்ள 10ஆம் நூற்றாண்டு இலியட் ஏட்டின் படத்தைக் காட்டினார். நடுவில் மூலம், அதைச் சுற்றி ஓரமெல்லாம் பொடி எழுத்தில் உரை. அப்பாவின் கேள்விக்கு அந்த ஓரத்தில் இடம் இருந்திருக்கிறது என்பதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலாது. கற்றதை வாரந்தோறும் தாய்மொழியில், அந்தப் பாடத்தோடு தொடர்பே இல்லாத ஒருவருக்குச் சொல்லிப் பார்ப்பதைவிடச் சிறந்த தேர்வுத் தயாரிப்பை நான் இன்றுவரை கண்டதில்லை. எங்கே சொல்லத் தடுமாறுகிறோமோ, அங்கே நமக்குப் புரியவில்லை.

ஆறாம் பகுதியை இரண்டாம் முறை படித்தது அப்படிச் சொல்வதற்காகத்தான். போருக்குத் திரும்பும் முன் ஹெக்டர் தன் மனைவி அந்திரோமக்கியைக் கோட்டை வாயிலருகே சந்திக்கிறான். கைக்குழந்தையைத் தாதி தூக்கி வருகிறாள். மனைவிக்கு மறுமொழி சொல்லும் இடத்தில் பாட்டு அவனை வழக்கம்போல் மின்னும் தலைக்கவசத்து ஹெக்டர் என்றே அழைக்கிறது. பேசி முடித்துக் குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். குழந்தையோ வெண்கலத்தையும் உச்சியில் ஆடும் குதிரைமயிர்க் குஞ்சத்தையும் கண்டு மிரண்டு, அலறிக்கொண்டு தாதியின் மார்பில் ஒடுங்குகிறது. தாயும் தந்தையும் சிரிக்கிறார்கள். ஹெக்டர் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைக்கிறான், மின்னிக்கொண்டு அது கிடக்கிறது. பிறகு குழந்தையை முத்தமிட்டுக் கையில் தூக்கி ஆட்டுகிறான்.

நான் பென்சிலால் அடித்துவிட்டிருந்த சொல் அது. ஆறு பகுதிகளாக யாப்பை நிரப்ப வந்துகொண்டிருந்த அடைமொழி, இந்த ஓரிடத்தில் உண்மையான ஒரு பொருளாகித் தரையில் இறங்குகிறது. அவனுடைய பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்ததைக் கழற்றினால்தான் அவன் பிள்ளைக்கு அவனைத் தெரிகிறது. அடைமொழிகளை அடித்துக்கொண்டே படித்தவளுக்கு இந்தக் காட்சி பாதிதான் கிடைத்திருந்தது. அன்று இரவு முதல் ஆறு பகுதிகளிலும் நான் அடித்திருந்த கோடுகளையெல்லாம் அழிப்பானால் அழித்தேன். இரண்டாம் கட்டுரையை அந்தத் தலைக்கவசத்தைப் பற்றி எழுதினேன். பின்னணி, சுருக்கம் எதுவும் அதில் இல்லை.

ஐந்தாம் வாரம் சாப்போ வந்தார். லெஸ்பாஸ் தீவின் இந்தப் பெண் கவிஞரின் பாடல்களில் ஐயத்துக்கிடமின்றி முழுமையாகக் கிடைத்திருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் பிற்கால ஆசிரியர் ஒருவர் மேற்கோளாக எடுத்தாண்டதால் பிழைத்தது. மற்றவை துண்டுகள். எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் குப்பை மேடுகளில் கிரென்ஃபெல், ஹண்ட் என்ற இருவர் 1896-97 குளிர்காலத்தில் தோண்டத் தொடங்கி எடுத்த பாப்பிரஸ் என்னும் நாணல் தாள் கிழிசல்களில் அவற்றில் பல இருந்தன. பக்கத்தில் பாதி வரிக்கு மேல் வெற்றிடமாக அச்சிட்டிருப்பதைக் கண்டு வகுப்பில் சிலர் எரிச்சலடைந்தார்கள். எனக்கு அது பழகிய பக்கமாக இருந்தது. புறநானூற்றில் 267ஆம், 268ஆம் பாடல்கள் இல்லை, அடிகள் சிதைந்த இடங்களில் புள்ளிகள் மட்டுமே இருக்கும். அந்த நூலை உ. வே. சாமிநாதையர் 1894இல் அச்சிட்டபோது எங்கள் ஊர்க் கல்லூரியில்தான் ஆசிரியராக இருந்தார். நான் நாள்தோறும் பேருந்தில் கடந்து சென்ற காவிரிக் கரைக் கட்டடம் அது. ஒரு முறையும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. இல்லாத இடத்தில் எதையும் இட்டு நிரப்பாமல் புள்ளி வைத்தவர்களின் நேர்மையைப் பற்றி அன்று நீண்ட நேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாடகங்களைப் பற்றி இங்கே விரிவாக எழுதப் போவதில்லை, அவை தனியாக எழுத வேண்டியவை. தொடங்க நினைப்பவருக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: முதலில் ஈஸ்கிலஸின் பாரசீகர்கள் நாடகத்தைப் படியுங்கள். முழுமையாக எஞ்சியிருக்கும் கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் காலத்தால் மூத்த அது கி.மு. 472இல், சலாமிஸ் கடற்போர் முடிந்து எட்டே ஆண்டுகளில் ஏதென்ஸில் அரங்கேறியது. வென்ற ஊரில், பாரசீகரை எதிர்த்துப் போரிட்ட ஒருவரே எழுதியது, ஆனால் மேடையில் இருப்பவர்கள் தோற்ற பகைவர் வீட்டுத் தாயும் முதியோரும்.

இலியட்டின் கடைசிப் பகுதியை அப்பாவிடம் சொன்ன சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மகன் ஹெக்டரை அக்கிலீஸிடம் பறிகொடுத்த ட்ராயின் கிழ மன்னன் பிரியாம், இரவில் பகைவன் பாசறைக்குச் சென்று, தன் பிள்ளைகள் பலரைக் கொன்ற அக்கிலீஸின் கைகளை முத்தமிட்டு உடலைக் கேட்கிறான். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். ஹெக்டரின் உடல் ஊர் திரும்புகிறது. எரியூட்டி, எலும்பைப் பொறுக்கி, மேடு குவிக்கிறார்கள், காவியம் முடிகிறது. கடைசிச் சொல்லும் ஓர் அடைமொழிதான் என்று சொன்னேன்: குதிரைகளைப் பழக்கும் ஹெக்டர்.

அப்பா அதைக் கேட்டுக்கொண்டு, சற்று நேரம் கழித்து, "அந்தக் கைப்பிள்ளை என்னம்மா ஆச்சு?" என்றார்.

காவியம் முடியும்போது அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்றேன். ஆனால் கணவன் உடலின் தலையைக் கையில் ஏந்தி அந்திரோமக்கி புலம்பும்போது, கிரேக்கன் எவனாவது உன் கையைப் பிடித்துக் கோட்டை மதிலிலிருந்து கீழே எறிவான் என்று பிள்ளையைப் பார்த்துச் சொல்லிவிடுகிறாள். பின்வந்த கவிகள் அப்படித்தான் நடந்தது என்று பாடினார்கள். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் பேச்சில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். இருக்கிறேன் என்றார். பிறகு, தலைக்கவசத்தைக் கழற்றி வைக்கிற அந்த இடத்தை மறுபடி ஒரு தரம் படி என்றார். புத்தகத்தைப் புரட்டி ஆறாம் பகுதியை எடுத்தேன்.